நாலு விரல் வலப்பக்கம்

பாப்பாரப்பட்டி
14.10.2024

தீர்த்தகிரிக்கு,

குள்ளம்மாள் எழுதுவது. அன்புள்ள என்று போட மனசு வரவில்லை, அதனால் போடவில்லை.

போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் சண்டை நடந்த அன்றைக்கே உன் நம்பரை அடைத்து வைக்கச் சொல்லி மருமகள் கவிப்பிரியாவிடம் போனைக் கொடுத்தேன். எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டால், "என்னங்க அத்தை, தம்பியோட ராசி ஆயிட்டீங்களா?" என்பாள். நாம் இன்னும் ராசியாகவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏர் ரைபிள் மேலே மாட்டிப் பார்க்கிற ஸ்கோப் பற்றி உனக்குத் தெரியும். ஓசூரில் உன் கம்பெனி ஆட்களோடு ஞாயிற்றுக்கிழமை சுடப் போகிறேன் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டவன் நீதான். நானாகவே ஆன்லைனில் பார்த்து ஒன்று வாங்கினேன். கட்டைவிரல் கனம்தான் இருந்தது, விலை தொள்ளாயிரம். மூன்று நாள் நன்றாகத் தெரிந்தது. நாலாம் நாள் உள்ளே இருக்கிற கூட்டல் குறி சாய்ந்து பெருக்கல் குறியாகிவிட்டது. மோர் ஊற்றிக் கழுவின கண்ணாடி மாதிரி மங்கல் வேறு. போதாததற்கு ஒவ்வொரு குண்டுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து என் புருவத்தை நோக்கி வருகிறது.

எது வாங்கலாம், எப்படி மாட்டலாம் என்பதை மட்டும் எழுது. விலை என் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும். எதற்கு என்று கேட்காதே.

உன் அக்கா (அதை மாற்ற முடியாதே),
குள்ளம்மாள்


ஓசூர்
22.10.2024

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தாங்கள் வாங்கியது பொம்மை. ஏர் ரைபிளை லேசாக நினைத்துவிடக் கூடாது. பெரிய துப்பாக்கி சுட்டால் பின்னால் மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிள் முதலில் பின்னால் உதைக்கும், உடனே உள்ளே ஸ்பிரிங் போய் முட்டி முன்னாலும் உதைக்கும். இரண்டு பக்க அடி. அதைத் தாங்குவதற்கென்றே செய்த ஸ்கோப் வேண்டும். பெட்டியின் மேல் ஏர் ரைபிளுக்கு என்று போட்டிருக்க வேண்டும். விலை அதிகம் என்பதால் தாங்கும் என்று அர்த்தமில்லை. பெரிய துப்பாக்கிக்குச் செய்த விலை உயர்ந்த ஸ்கோப்கூட இதில் உடைந்துபோகும்.

அடுத்தது தூரம். சாதாரண ஸ்கோப் நூறு மீட்டருக்கு அமைத்தது. பத்து மீட்டரில் அதில் கலங்கலாகத்தான் தெரியும், கண்ணைச் சற்று நகர்த்தினால் கூட்டல் குறியும் நகரும். ஆகவே முன்பக்க வளையத்தைத் திருகித் தூரத்துக்குத் தகுந்தாற்போல் தெளிவாக்கிக்கொள்ளும் வகைதான் வேண்டும். நாலு மடங்கு பெரிதாகக் காட்டினால் போதும். பன்னிரண்டு மடங்கு, பதினாறு மடங்கு என்று கடைக்காரன் ஆசை காட்டினால் ஏமாற வேண்டாம். துப்பாக்கியின் மேல்பக்கம் ஸ்கோப் மாட்டுவதற்கென்று வெட்டியிருக்கிற காடியின் அகலம் என்ன என்று அளந்து எழுதவும்.

இவ்வளவு எழுதியபின் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வருடம் காரிமங்கலம் மாசித் திருவிழாவில் தங்கள் பலூன் கடையில் நான் செய்தது தப்பில்லை. கடைத் துப்பாக்கிகள் எல்லாம் இடப்பக்கம் இழுக்கும்படி கோணலாக வைத்திருந்தீர்கள். நாலு விரல் வலப்பக்கம் தள்ளிக் குறி வைத்தால் பலூன் உடையும் என்று எனக்குத் தெரியும், அப்படியே வைத்தேன், பத்துக்குப் பத்து உடைத்தேன். அதை என் மச்சினனுக்கு மட்டும் சொன்னேன், அதுவும் கன்னடத்தில். ஊருக்குக் கேட்கும்படி நான் சொல்லவில்லை. தாங்கள்தான் அத்தனை பேர் முன்னால் "இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காதே" என்றீர்கள்.

இப்படிக்கு,
இரா. தீர்த்தகிரி


பாப்பாரப்பட்டி
2.11.2024

தம்பி தீர்த்தகிரிக்கு,

தாங்கள், தங்கள், மதிப்பிற்குரிய. தாசில்தார் ஆபீசிலிருந்து வந்த கடிதமோ என்று முதலில் பயந்துவிட்டேன். உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். ஞாபகம் இருக்கட்டும்.

காடியின் அகலம் பதினொரு மில்லிமீட்டர். கவிப்பிரியாவின் ஸ்கேலை வைத்து மூன்று தடவை அளந்தேன்.

கன்னடத்தில் சொன்னாயாம். காரிமங்கலம் சந்தைக்கு வருகிற மாட்டுக்குக்கூட கன்னடம் புரியும். உன் பக்கத்தில் நின்ற வெங்காய வியாபாரி மதியழகன் வீட்டில் பேசுவதே கன்னடம்தான். நீ வாயை மூடுவதற்குள் அவன் தமிழில் ஒலிபரப்பிவிட்டான். அதற்கு மேல் நீ பெரிய பரிசு ஸ்டீல் குடத்தையும் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு போனாய். சொன்னதைக்கூட விடு. குடத்தை எடுத்துப் போனாயே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோணல்தான். உன் மாமா இருந்த காலத்திலிருந்து கோணல்தான். எந்தத் திருவிழாவில் எந்தப் பலூன் கடையில் நேர் துப்பாக்கி இருக்கிறது, சொல். ஆனால் பிள்ளைகள் வந்து நின்றால் நானே காதோடு சொல்வேன், "கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம் புடி கண்ணு" என்று. முதல் தடவை புருஷனோடு திருவிழாவுக்கு வந்த புதுப்பெண்ணுக்கும் சொல்வேன். யாருக்கு எப்போது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ எல்லாருக்கும் ஒரே நாளில் சொல்லிவிட்டாய்.

அன்றிலிருந்து நான் கோணத் துப்பாக்கி அக்கா. சந்தையில் தக்காளி வாங்கப் போனாலும், "அக்கா, இன்னிக்கு எந்தப் பக்கம் கோணைங்க?" என்று கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டுதான் வருவேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. முப்பது வருஷமாகக் கடை போடுகிறேன். துப்பாக்கியைக் கையில் எடுத்தால் தப்பாமல் அடிப்பவள் நான். அது யாருக்கும் ஞாபகமில்லை. கோணல் மட்டும்தான் ஞாபகம்.

எதற்கு என்று நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தர்மபுரியில் ஒரு ரைபிள் கிளப்பில் பொங்கல் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை போட்டி வைக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்கோப் மாட்டிச் சுடுகிற பிரிவு ஒன்று இருக்கிறது. இருபது மீட்டர், இருபது குண்டு. காரிமங்கலத்து ஆட்கள் பத்துப் பேராவது வருவார்கள், மதியழகனும் பேர் கொடுத்திருக்கிறான். அவர்கள் கண் முன்னால் ஒரு தடவை நேராகச் சுட்டுக் காட்ட வேண்டும். பரிசு வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பேர் போக வேண்டும். எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. துப்பாக்கியின் மேலே குறி பார்க்கிற பள்ளமும் தெரிவதில்லை, முனையும் தெரிவதில்லை. ஸ்கோப் இல்லாமல் முடியாது.

அக்கா


ஓசூர்
17.11.2024

அக்காவுக்கு,

இத்துடன் ஸ்கோப்பும் இரண்டு வளையப் பிடிகளும் அனுப்பியிருக்கிறேன். என் பழையது. இரண்டு வருடம் அடி வாங்கியும் அசையாதது என்பதால் புதிதைவிட இதை நம்பலாம். விலை எதுவும் இல்லை, பணம் அனுப்பாதே.

மாட்டும் முறையைக் கவனமாகப் படி. நீ அவசரக்காரி.

காடியில் ஒரு துளி எண்ணெய்கூட இருக்கக் கூடாது. துணியால் நன்றாகத் துடை. எண்ணெய் இருந்தால்தான் வழுக்கிக்கொண்டு பின்னால் வரும். பின்பக்கப் பிடியின் அடியில் ஒரு குட்டி ஆணி இருக்கும். துப்பாக்கியின் மேல் அதற்கென்று ஒரு குழி இருக்கும். ஆணி குழிக்குள் உட்கார்ந்தபின்தான் திருகாணியை இறுக்க வேண்டும். உன் பழைய ஸ்கோப் உன் புருவத்தைத் தேடி வந்ததற்கு இதுதான் காரணம்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்று அங்குல இடைவெளி வை. கன்னத்தை வைத்து, கண்ணை மூடித் திறந்தால் வட்டம் முழுசாகத் தெரிய வேண்டும், ஓரத்தில் கறுப்பு விழக் கூடாது. பிறகு முற்றத்தில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, கூட்டல் குறியின் நிற்கிற கோடு அந்தக் கயிற்றோடு ஒட்டி நிற்கும்படி திருப்பு. வளையத்தின் திருகாணிகளை ஒரேயடியாக இறுக்காதே. குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். பலம் காட்டினால் குழாய் நசுங்கும்.

பின்னால் மண் மூட்டை அடுக்கி, பத்து மீட்டரில் சுடு. ஒரே வகைக் குண்டையே பயன்படுத்து. மூன்று குண்டு சுட்டு, மூன்றும் எங்கே கூடுகிறது என்று பார்த்தபின் திருகு. ஒவ்வொரு குண்டுக்கும் திருகினால் பொழுதுக்கும் திருகிக்கொண்டே இருப்பாய்.

பிள்ளைகளுக்குக் காதில் சொல்வாய் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். குடத்தில் இந்த வீட்டில் யாரும் தண்ணீர் பிடிப்பதில்லை. பரண்மேல் இருக்கிறது.

தீர்த்தகிரி


பாப்பாரப்பட்டி
1.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

போட்டுவிட்டேன், பார்த்தாயா. ஸ்கோப்புக்காக மட்டும்தான்.

கொத்தனார் மாதவராஜிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கினேன். சுவர் எதுவும் கட்டாமல் முற்றத்தில் அதைத் தொங்கவிட்டு, நான் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அதையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவர் போகவே இல்லை. கடைசியில் திருகாணியை அவர்தான் இறுக்கினார், நீ சொன்ன மாதிரி குறுக்கு மறுக்காக. கதவு நிலை வைக்கிறவர் கை, அதனால் கோடு சுத்தமாக நிற்கிறது.

கண்ணை வைத்துப் பார்த்தேன். தீர்த்தகிரி, எத்தனை வருஷத்துக்குப் பிறகு முருங்கை இலையை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன் தெரியுமா. மண் மூட்டைமேல் ஊர்ந்த எறும்புகூடத் தெரிந்தது. சுடாமலே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது.

பிறகு மூன்று மூன்றாகச் சுட்டுத் திருகினேன். முதலில் குண்டு கண்ட இடத்தில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் சரியாக வந்துவிட்டது. இப்போது பலூனுக்கு நாலு விரல் வலப்பக்கம் கூட்டல் குறியை வைத்தால் பலூன் நடுவில் போய் அடிக்கிறது. பத்துக்குப் பத்து. நம் கடைத் துப்பாக்கி மாதிரியே கைக்குப் பழக்கமாக அமைந்துவிட்டது. மாதவராஜ் கை தட்டினார்.

அக்கா


ஓசூர்
6.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை கேன்டீனில் வைத்துப் படித்தேன். டீ மூக்கில் ஏறிவிட்டது.

ஸ்கோப்பை வைத்துக் கோணலை நேராக்குவார்கள். நேரான ஸ்கோப்பைத் திருகித் திருகிக் கோணலாக்கியவள் உலகத்தில் நீ ஒருத்திதான். கூட்டல் குறி எங்கே இருக்கிறதோ அங்கேதான் குண்டு விழ வேண்டும். அதற்குத்தான் அந்தத் திருகு. நாலு விரல் தள்ளி வைப்பதற்கில்லை.

பத்துக்குப் பத்து அடிக்கிறதே, பிறகென்ன என்பாய். போட்டி இருபது மீட்டர். பத்து மீட்டரில் நாலு விரல் என்றால் இருபதில் எட்டு விரல். இங்கே சுடுவது பலூன் இல்லை, என் உள்ளங்கை அகல அட்டை. எட்டு விரல் தள்ளிக் குறி வைத்தால் நீ அட்டையையே பார்க்க மாட்டாய், பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு சுடுவாய். மதியழகன் பின்னால் நின்று பார்ப்பான். அன்றைக்கு என்ன பேர் வரும் என்று நீயே யோசி.

இன்றைக்கே திருகு. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, குண்டு வலப்பக்கம் நகரும்படி, அட்டையின் நடுவில் குறி வைத்து நடுவிலேயே விழும்வரை. பிறகு இருபது மீட்டருக்குப் போ. முன் வளையத்தையும் இருபதுக்குத் திருப்பிக்கொள். மேல் கீழ் கொஞ்சம் மாறும், அதையும் சரிசெய்.

ஸ்கோப் ஒரு மணி நேரத்தில் நேராகிவிடும். உன் கைதான் எனக்குப் பயம். முப்பது வருஷப் பழக்கம். தினமும் நூறு குண்டு சுடு.

கோபத்தில் எழுதவில்லை. நீ ஜெயிக்க வேண்டும் என்று இருக்கிறது.

தீர்த்தகிரி


பாப்பாரப்பட்டி
21.1.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது முதலில் கோபம்தான் வந்தது. பிறகு எழுந்து போய் இருபது மீட்டர் அளந்து சுட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கோப்பைத் திருப்ப ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கை திரும்ப ஒரு மாதம் ஆயிற்று. கூட்டல் குறியை நடுவில் கொண்டுவந்து வைப்பேன். விசையை இழுக்கிற நேரத்தில் கை தானாக வலப்பக்கம் போகும். யாரோ பக்கத்தில் நின்று முழங்கையைத் தள்ளுகிற மாதிரி இருக்கும். நேராக இருப்பதைப் பார்த்தாலே தப்பு என்று தோன்றுகிறது எனக்கு. என்ன பிழைப்புப் பிழைத்திருக்கிறேன் என்று ஒருநாள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். மறுநாள் மறுபடி எடுத்தேன்.

நேற்று முன்தினம் போட்டி. என் பிரிவில் பதினாலு பேர், பெண் நான் ஒருத்தி. மதியழகன் எனக்கு அடுத்த இடத்தில். முதல் குண்டு, பாழாய்ப்போன கை, வலப்பக்கம் போய் அட்டை ஓரத்தைக் கிழித்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். உன் கடிதத்தை நினைத்துக்கொண்டேன். மூச்சை விட்டு, கூட்டல் குறி எங்கே இருக்கிறதோ அங்கேதான் விழ வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு சுட்டேன். மீதிப் பத்தொன்பதும் அட்டை நடுவில் இருக்கிற கறுப்பு வட்டத்துக்குள். அந்த முதல் குண்டு இல்லாவிட்டால் இரண்டாவது வந்திருப்பேன். வந்தது மூன்றாவது. மதியழகன் ஒன்பதாவது. அவனே என் அட்டையை வாங்கிக் காரிமங்கலத்து ஆட்களுக்கெல்லாம் காட்டினான். "அக்கா கண்ணுல கோணல் இல்லீங்கோ" என்று ஒருவர் சொன்னார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்கு ராத்திரி வயிறாரச் சாப்பிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். நேற்று கடைத் துப்பாக்கி நாலையும் இறக்கி, குறிமுனையைத் தட்டி நேராக்கிவிட்டேன். நேராகச் சுட்ட பிறகு கோணலை இன்னொருவர் கையில் கொடுக்கப் பிடிக்கவில்லை. பரிசு அதிகம் போகும், போகட்டும். பலூனை இன்னும் சின்னதாக ஊதிக்கொள்கிறேன்.

மாசித் திருவிழாவுக்குக் காரிமங்கலத்தில் கடை போடுகிறேன். வந்தால் வா.

அக்கா


ஓசூர்
3.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

திருவிழாவில் உன்னோடு சரியாகப் பேசாமல் வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

குடத்தைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் வந்தேன். முதலில் ஒரு சுற்று சுட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே அதை உன்னிடம் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், "பத்து குண்டுங்க சார்" என்று துப்பாக்கியை நீட்டினாய். நான் நாலு விரல் வலப்பக்கம் குறி வைத்தேன். ஒன்றுகூட உடையவில்லை. பத்தும் பலூன்களுக்கு இடையில் இருக்கிற வெறும் பலகையில்.

ஜனங்கள் சிரித்தார்கள். மதியழகன், "என்னங்க, அன்னிக்கு கன்னடத்துல சொன்னீங்களே, அந்தக் கணக்கு இன்னிக்கு வரலீங்களா?" என்று கேட்டான். அப்போது நீ சொன்னாய்: "காத்து இழுத்துருச்சுங்க. அவரு நல்லா சுடுவாரு."

காற்றே இல்லை அக்கா. பலூன்கள் ஆடாமல் நின்றன. எனக்குப் பின்னால் வந்த ஒரு அம்மா அதே துப்பாக்கியில் பலூனுக்கு நேராகக் குறி வைத்து ஏழு உடைத்தாள்.

துப்பாக்கியை நேராக்கிவிட்டேன் என்று நீ தெளிவாக எழுதியிருந்தாய். நான் படித்தேன். நம்பவில்லை. வியாபாரம் செய்கிறவள், எழுதத்தான் செய்வாள் என்று நினைத்தேன். உன் கை பழக்கத்தை விடாது என்று உனக்குப் பாடம் எழுதியவன் நான். என் புத்திதான் நாலு விரல் தள்ளியே உன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு நான் உன் மானத்தை வாங்கினேன், இன்றைக்கு நீ என் மானத்தைக் காப்பாற்றினாய். என்னை மன்னித்துவிடு. குடத்தை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன், பார்த்திருப்பாய்.

தம்பி


பாப்பாரப்பட்டி
10.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

பார்த்தேன். பரண் தூசியோடு கொண்டுவந்திருக்கிறாய். வீட்டில் துலக்கக்கூட ஆள் இல்லையா.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீ பத்தும் தப்பியபோது உள்ளுக்குள் எவ்வளவு சிரித்தேன் என்று தெரிந்தால் நீதான் என்னை மன்னிக்க வேண்டியிருக்கும். மதியழகனிடம் மட்டும் காற்று என்று சாதித்துவிட்டேன். அவன் நம்பவில்லை, போகட்டும்.

கவிப்பிரியா உன் நம்பரைத் திறந்துவிட்டாள். எதைக் கேட்பாள் என்று பயந்தேனோ அதையே கேட்டாள். ஆமாம் ராசியாகிவிட்டோம் என்று சொன்னேன். இருந்தாலும் அவ்வப்போது கடிதமும் எழுது. போனில் நீ இவ்வளவு பொறுமையாகப் பேசுவதில்லை.

குடத்தைப் புளி போட்டுத் துலக்கிக் கடையில் மேல் வரிசையில் வைத்திருக்கிறேன். பத்துக்குப் பத்து உடைக்கிறவர்களுக்கு அது. உனக்குச் சும்மா தர மாட்டேன், நீ வந்து நேராகச் சுட்டு எடுத்துப் போக வேண்டும். போன வாரச் சந்தையில் ஒரு பெண் ஒன்பது வரைக்கும் உடைத்துவிட்டாள், எனக்கு உயிரே இல்லை. நீ வரும்வரை குடம் போகாமல் இருக்க வேண்டுமென்றால் துப்பாக்கியை மறுபடி கோணலாக்க வேண்டும். அதைச் செய்ய மாட்டேன். அதனால் சீக்கிரம் வா.

அக்கா